வலது கன்ட்ரோல் விசை தின்ற மூன்று மாலைகள்

பார்வையற்ற மாணவர்களுக்குக் கணினி கற்பிப்பவன் நான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், வகுப்பறைக் கணினிகள் மாறுவதற்கு முன்பே விண்டோஸ் 11ஐ என் விரல்கள் பழகியிருக்க வேண்டியிருந்தது. அன்றாட வேலைக்கு உள்ள கணினியில் கைவைக்கத் துணிவில்லாமல், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினியை, உருவாக்கினேன். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) என்று கேட்டதையெல்லாம் ஒதுக்கியதில் தடை எதுவும் வரவில்லை. தடை முழுவதும் விசைப்பலகையில் வந்தது. மூன்று மாலைகளும் 350 ரூபாயும் அதற்குப் பலியாயின.

முதல் தடயம் நிறுவலின்போதே கிடைத்தது. நான்தான் அதைக் கோட்டைவிட்டேன். நிறுவல் திரையில் நரேட்டரை, அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானை, பேசவைக்கக் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். என்டருக்கு அருகில் இருக்கிறதே என்று வலது கன்ட்ரோலைப் பயன்படுத்தினேன். நான்கு முறை அழுத்தியும் சத்தமே இல்லை. ஐந்தாம் முறை தற்செயலாக இடது கன்ட்ரோலை அழுத்தினேன், பேசியது. முன்பு சரியாக அழுத்தவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டு மேலே சென்றுவிட்டேன்.

உள்ளே என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை நிறுவியதும் அடுத்த தொல்லை தொடங்கியது. என் மடிக்கணினியில் தனி இன்சர்ட் விசை இல்லை என்பதால் வெளிக்கணினி (மடிக்கணினி), உள்கணினி (மெய்நிகர் கணினி) இரண்டிலும் கேப்ஸ் லாக்கையே என்விடிஏ விசையாக, அதாவது என்விடிஏவுக்குக் கட்டளையிடச் சேர்த்து அழுத்தும் விசையாக, வைத்திருந்தேன். விளைவாக, உள்ளே இருப்பதற்கு நான் இட்ட கட்டளையை வெளியே இருப்பது இடைமறித்து எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே குரலில் பேசினால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. நல்லவேளையாக வெளியே விண்டோஸின் ‘வள்ளுவர்’ என்னும் தமிழ்க் குரலும் உள்ளே ஈஸ்பீக்கின் இயந்திரக் குரலும் இருந்தன. இத்தகைய அமைப்பில் இறங்குகிறவர்கள் முதலில் குரல்களைப் பிரித்துவிடுங்கள்; பிழை எந்தப் பக்கம் என்பதைக் காது சொல்லிவிடும்.

இதற்குத் தீர்வு பலருக்கும் தெரிந்ததுதான். மெய்நிகர் கணினியின் சாளரத்தில் இருந்துகொண்டு வெளி என்விடிஏவை ஸ்லீப் மோடில் போட வேண்டும். மடிக்கணினி விசையமைப்பில் என்விடிஏ விசையுடன் ஷிஃப்டும் இசட்டும், மேசைக்கணினி விசையமைப்பில் ஷிஃப்டும் எஸ்ஸும். அந்தச் சாளரத்தில் இருக்கும்வரை வெளி என்விடிஏ பேசாது, எந்தக் கட்டளையையும் பிடித்து வைக்காது. ஆனால் என்விடிஏவை மூடித் திறந்தால் இந்த அமைப்பு மறந்துபோகும். மறுநாள் காலை அது மறந்திருந்ததை நான் அறியாமல் கேப்ஸ் லாக்கை அங்கும் இங்குமாக அழுத்தியதில், உள்ளே பெரிய எழுத்து நிலை விழுந்து, உள்கணினி என் கடவுச்சொல்லை மூன்று முறை மறுத்தது. கடவுச்சொல் கட்டத்தில் என்விடிஏ எழுத்துகளை வாசிக்காது என்பதால் தவறு காதில் விழ வழியே இல்லை. கேப்ஸ் லாக்கை விரைவாக இருமுறை தட்டினால் அந்த நிலை மாறும், மாறியதை என்விடிஏ சொல்லும். ‘ஆஃப்’ என்று கேட்கும்வரை கடவுச்சொல்லில் கைவைக்காதீர்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இரண்டாம் மாலை தொடங்கிய கோளாறு வேறு வகை. எழுத்துகள் அனைத்தும் ஒழுங்காக உள்ளே விழுந்தன. விண்டோஸ் விசை மட்டும் சில நேரம் உள்கணினியின் ஸ்டார்ட் மெனுவையும் சில நேரம் வெளிக்கணினியின் ஸ்டார்ட் மெனுவையும் திறந்தது. ஆல்ட், டேப் சேர்க்கையும் அப்படியே. உள்ளே தமிழ் 99 விசையமைப்புக்கு மாற விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸை அழுத்துவேன். உள்ளே ஆங்கிலமாகவே இருக்கும். பிறகு வெளியே வந்து ஆங்கில மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினால் அங்கே தமிழ் எழுத்துகள் கொட்டும். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: வெளியே எந்த விசையமைப்பு இருந்தாலும் உள்ளே போவது எழுத்து அன்று, எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் குறியெண் மட்டுமே. ஆகவே உள்ளே தமிழில் எழுத வேண்டுமானால் விசையமைப்பை உள்ளேயே சேர்த்து, உள்ளேயே மாற்ற வேண்டும்.

சேர்க்கை விசைகளை ஒவ்வொன்றாக அழுத்த உதவும் ஸ்டிக்கி கீஸை நிறுத்திப் பார்த்தேன். உள்கணினிக்கான விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை நீக்கி மீண்டும் நிறுவினேன். கடைசியில் மெய்நிகர் கணினியையே அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். ஸ்னாப்ஷாட் (திரும்பிச் செல்லக்கூடிய நிலைப்பதிவு) எடுத்து வைத்திருந்தால் அந்த ஒரு மாலையாவது மிஞ்சியிருக்கும். கோளாறு அசையவில்லை. விண்டோஸ் விசையில்தான் பழுது என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி, பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு மடிக்கணினியைச் சுமந்து சென்றேன். அங்கிருந்தவர் ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்த்து, எல்லாம் வேலை செய்கிறது என்று சொல்லி, பார்த்த கூலியாக 350 ரூபாய் வாங்கிக்கொண்டு, எதற்கும் விசைப்பலகையை மாற்றிவிடலாம் என்றும் யோசனை சொன்னார். வேலை செய்வதை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

மூன்றாம் மாலை என் மகள் அருகில் அமர்ந்திருந்தாள். குறுக்குவிசைகளைப் பிரெயிலில் குறித்து வைத்திருந்த தாளை இடது கையால் தடவியபடி, வலது கையால் விசைகளை அழுத்திக்கொண்டிருந்தேன். “அப்பா, நீங்க அந்த வலப்பக்க விசையைத் தட்டுறப்பல்லாம் கீழே மூலையில ஒரு அம்புக்குறி நிறம் மாறுது” என்றாள். அதன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ‘ரைட் கன்ட்ரோல்’ என்று வாசித்தாள்.

விர்ச்சுவல்பாக்ஸில் வலது கன்ட்ரோல்தான் இயல்பான ஹோஸ்ட் கீ, அதாவது விர்ச்சுவல்பாக்ஸுக்கே கட்டளையிடும் விசை. அது உள்கணினிக்குக் கன்ட்ரோலாகப் போய்ச் சேராது. தனியாக அழுத்தினால் விசைப்பலகையின் மேல் உள்கணினிக்கு உள்ள பிடியை விடுவிக்கும், மீண்டும் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பிடி இருக்கும்போது விண்டோஸ் விசையும் ஆல்ட், டேப் சேர்க்கையும் உள்ளே போகும். விடுபட்டால் வெளியே போகும். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள் பேச்சை நிறுத்த ஒரு நாளில் எத்தனை நூறு முறை கன்ட்ரோலைத் தட்டுகிறோம்! இடது கை பிரெயில் தாளில் இருந்தபோதெல்லாம் நான் வலது கன்ட்ரோலைத் தட்டியிருக்கிறேன். பேச்சு உடனே நிற்காததை மெய்நிகர் கணினியின் மந்தம் என்று நினைத்து மீண்டும் தட்டியிருக்கிறேன். ஒற்றைப்படையாகத் தட்டிய நேரங்களில் பிடி விடுபட்டது, இரட்டைப்படையாகத் தட்டியபோது பழையபடி ஆனது. ‘சில நேரம் மட்டும்’ வந்த கோளாறின் கணக்கு அவ்வளவுதான். கடைக்காரர் மேல் கோபப்பட்டது ஓரளவு அநியாயம்.

இதில் என்னைச் சுட்டது வேறொன்று. இந்த விசையைப் பற்றிய அறிவிப்பை விர்ச்சுவல்பாக்ஸ் தன் சாளரத்தில் காட்டவே செய்கிறது. வெளி என்விடிஏவை ஸ்லீப் மோடில் போட்டு, அதைச் சொல்லக்கூடிய ஒரே வாயை நானே அடைத்து வைத்திருந்தேன். ஆகவே ஸ்லீப் மோடுக்குப் போவதற்கு முன் அந்தச் சாளரத்தின் மெனு, அறிவிப்பு, நிலைப்பட்டை அனைத்தையும் வெளி என்விடிஏவைக் கொண்டு ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

மாற்றுவதற்கு இரண்டு நிமிடம் ஆனது. விர்ச்சுவல்பாக்ஸ் மேலாளரில் ஃபைல், பிரிஃபரன்சஸ், இன்புட் என்று போய், மெய்நிகர் கணினிக்கான பகுதியில் ஹோஸ்ட் கீயை வலது கன்ட்ரோலும் வலது ஷிஃப்டும் சேர்ந்த சேர்க்கையாக்கினேன். கைதவறி அழுத்த முடியாத சேர்க்கையாக இருந்தால் போதும். ஆனால் மறக்காமல் குறித்து வையுங்கள், ஏனெனில் உள்ளே கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அனுப்பவும் ஹோஸ்ட் கீயுடன் டெலீட்டைத்தான் அழுத்த வேண்டும். பிறகு உள்ளே ஒரு நீண்ட பக்கத்தைத் திறந்து, ஈஸ்பீக் படிக்கத் தொடங்கியதும் வலது கன்ட்ரோலைத் தட்டினேன். முதல் தட்டிலேயே வாயை மூடியது.