பேட்ச் மாறினாலும் சங்கம் நிற்க வேண்டும்: பொது சுகாதார முதுநிலை மாணவர் சங்கத்தைப் பதிவு செய்த அனுபவம்

பொது சுகாதார முதுநிலைப் படிப்பான எம்.பி.எச். இரண்டு வருடம். சமூக மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருடம். மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் பணம் இல்லாமல் படுப்பதில்லை. நடத்தியவர்கள் படிப்பை முடித்துக் கிளம்பியதும் படுத்துவிடுகின்றன. செயலாளர் பெங்களூரில் வேலையில் இருப்பார், பாஸ்புக் அவர் பெட்டியில் இருக்கும், மினிட்ஸ் நோட்டு யாரிடம் என்றே தெரியாது. கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஒவ்வொரு தாளையும் பேட்ச் மாறும் நாளை நினைத்தே எழுதினோம். இதே வேலையில் இறங்கும் தம்பி தங்கைகளுக்காக அந்த விவரங்கள்.

முதல் கேள்வி, பதிவு தேவையா என்பது. ஒரே கல்லூரிக்குள் என்றால் வேண்டாம். துறைத்தலைவரை ஆலோசகராக வைத்து, முதல்வர் கையெழுத்தோடு கல்லூரி மன்றமாக நடத்துங்கள். பணமும் கல்லூரிக் கணக்கு வழியாகவே போகட்டும். பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்து சந்தா வாங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி, உறுப்பினர்கள் 20 பேரை எட்டினாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம். ஒரு கருத்தரங்குக்கு மண்டபமும் மதியச் சாப்பாடும் பிடித்தாலே அந்தத் தொகை தாண்டிவிடும். பதிவு செய்யக்கூடிய நோக்கங்களின் பட்டியலில் பொது சுகாதாரம் பெயர் சொல்லியே இருப்பதால், நோக்கத்தைச் சுற்றி வளைத்து எழுத வேண்டியதில்லை.

விண்ணப்பம் பதிவுத்துறையின் இணையதளம் வழியாக மாவட்டப் பதிவாளருக்குப் போகிறது. சங்கத்தின் பெயரையும் நோக்கத்தையும் சொல்லும் ஆவணமான மெமோராண்டத்தில் குறைந்தது 7 பேர் கையெழுத்திட வேண்டும். அந்த ஏழு பேரும் இறுதியாண்டாக இருந்தால் சில மாதத்தில் சங்கத்துக்கு ஆளே இருக்காது. முதலாண்டு மூன்று பேர், இறுதியாண்டு இரண்டு பேர், படித்து முடித்து இங்கேயே வேலை பார்க்கும் சீனியர்கள் இரண்டு பேர் என்று கலந்து வையுங்கள். அந்த இரண்டு அண்ணன் அக்காக்கள்தான் பின்னால் தாங்கிப் பிடிப்பார்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களுக்குத்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால், மெமோராண்டத்தில் பின்னால். ஒரு பக்கத்தில் ஒருவர் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். சங்கத்தின் பெயர் ஏற்கெனவே பதிவான பெயரைப் போல இருக்கும், அல்லது அரசு சார்ந்த அமைப்பு என்று நினைக்க வைக்கும். 'மாநில', 'தேசிய' போன்ற அடைமொழிகளை விட்டுவிட்டு ஊரையும் படிப்பையும் வைத்துப் பெயர் சூட்டுவது நல்லது. முகவரியில் ரொம்பக் கவனம் வேண்டும். ஹாஸ்டல் அறையைப் போடாதீர்கள். கல்லூரி முகவரி என்றால் நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும், அது எளிதில் கிடைக்காது. உள்ளூர் சீனியர் ஒருவரின் சொந்த இடம், உரிமையாளரின் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது, இவை இருந்தால் வேலை சுலபம். அலுவலகத் தபால் அங்கேதான் வரும் என்பதால், தபாலைப் பிரித்துப் படித்துச் சொல்லும் வீடாகவும் இருக்க வேண்டும்.

சங்கத்தின் விதிகளான பைலாதான் எல்லாவற்றிலும் முக்கியம். கிடைக்கிற மாதிரி பைலாவை அப்படியே எடுத்து ஒட்டினால் உறுப்பினர் பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள். மாதிரிகளில் ஒருமுறை சேர்ந்தவர் விலகும்வரை உறுப்பினர். மாணவர் சங்கத்துக்கு இது ஒத்துவராது. ஐந்து வருடத்தில் பதிவேட்டில் இருநூறு பெயர் சேரும், ஊரில் இருப்பது நாற்பது பேர், கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், ஒருநாளும் சேராது. ஆகவே இப்படி எழுதினோம்: மாணவர் உறுப்பினர், படிப்பு முடிந்த 6 மாதத்தில் தானாகவே முன்னாள் மாணவர் பிரிவுக்கு மாறுவார், அந்தப் பிரிவு கோரக் கணக்கில் வராது. பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வாங்க வேண்டும்.

நிர்வாகக் குழுவின் காலத்தைச் சட்டம் 3 வருடம்வரை அனுமதிக்கிறது. மாணவர்களுக்கு ஒரு வருடமே போதும். பொருளாளர் மட்டும் முதலாண்டு மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்று விதியாகவே எழுதுங்கள். நிதியாண்டு முடிந்த 6 மாதத்துக்குள், அதாவது செப்டம்பருக்குள், பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும். அதுவரை காத்திருந்தால் மூத்த பேட்ச் ஊரைவிட்டே போயிருக்கும். மார்ச் 31-இல் கணக்கை மூடி, இரண்டு பேட்சும் கல்லூரியில் இருக்கும்போதே கூட்டத்தை முடித்துவிடுங்கள். புதிய நிர்வாகிகள் விவரத்தைப் படிவம் 7-இல் உடனே தாக்கல் செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பதிவாளர் ஏட்டில் பழைய ஆட்களே நிர்வாகிகளாக இருப்பார்கள்; வங்கியும் அதைத்தான் பார்க்கும்.

வங்கிக் கணக்குக்குச் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பதிவுச் சான்றிதழ், பைலா நகல், யார் கையெழுத்து செல்லும் என்ற தீர்மானம் ஆகியவை வேண்டும். மூவரில் இருவர் கையெழுத்து என்று வைத்து, அந்த மூவரில் ஒருவர் உள்ளூர் சீனியராக இருக்கட்டும். கையெழுத்து மாற்றத்தைப் பழையவர் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சீனியர் பணம் அனுப்புகிறேன் என்றால், அவர் இன்னும் இந்தியக் குடிமகனா என்று முதலில் கேளுங்கள். குடியுரிமை மாறியிருந்தால், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான மத்திய அரசுப் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

பதிவு முடிந்ததும் திறப்பு விழா, பேனர் என்று இறங்குவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. களப்பணி ஒன்றை எடுப்பதே சங்கத்துக்கு உயிர் கொடுக்கும். இந்தப் பகுதிக்கு டெங்கு லார்வா (கொசுப்புழு) கணக்கெடுப்பு நன்றாகப் பொருந்தும். பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், ஆகவே வீட்டுக்கு வீடு டிரம்மும் சிமெண்டுத் தொட்டியும் நிறைந்திருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.

அனுமதி மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் கல்லூரியின் நெறிமுறைக் குழு. பிறகு ஊரகம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர், மாநகராட்சி என்றால் மாநகர் நல அலுவலர். அந்தக் கடித நகலோடு வட்டார மருத்துவ அலுவலர், அப்புறம் சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர். வீட்டுக்குள் போய்ப் பார்க்கச் சுகாதார அலுவலர்களுக்கு 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம் அதிகாரம் தருகிறது. மாணவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. செவிலியர் அக்கா கூட வந்தால் "உள்ள வாங்க கண்ணு" என்று கதவு திறக்கும். அவர் வராத தெருவில் வாசலோடு சரி.

ஆளுக்கொரு டார்ச், வெள்ளைக் கரண்டி, பிப்பெட், மூடியுள்ள சின்னக் குப்பி, படிவம், சாக்பீஸ். தொட்டியை நெருங்கும்போது நிழல் தண்ணீரில் விழக் கூடாது. விழுந்தால் புழுக்கள் அடியில் போய்விடும், 'இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவோம். இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுவிட மேலே வரும். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கி, மூச்சுக்குழல் குட்டையாக இருந்தால் ஏடிஸ். குழல் நீளமாக இருந்தால் கியூலெக்ஸ். ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு, வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, பழைய டயர், கொட்டாங்குச்சி ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கிறோம்.

கணக்கு எளிது. 100 வீடு பார்த்து, 8 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. தண்ணீர் இருந்த 240 பாத்திரங்களில் 12-இல் புழு என்றால் கொள்கலன் குறியீடு 5. நூறு வீட்டுக்கு 12 பாத்திரம் என்பதால் பிரிட்டோ குறியீடு 12. பூட்டிய வீட்டை நூறில் சேர்த்தால் மூன்றில் இரண்டு குறியீடுகள் பொய்யாகக் குறையும். திருப்பூரில் இது பெரிய தொல்லை. பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போனவர்கள் வீடு பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அங்கே ஞாயிற்றுக்கிழமை போங்கள். காம்பவுண்டுக்குள் பத்து லைன் வீடுகளுக்கு ஒரே பொதுத் தொட்டி இருந்தால் அதை எந்த வீட்டின் கணக்கில் எழுதுவது என்று குழப்பம் வரும். காம்பவுண்டு முழுவதையும் ஒரே வளாகமாக எடுத்தோம். எப்படி எடுத்தாலும் சரி, அதைப் படிவத்தின் தலையிலேயே அச்சடித்துவிடுங்கள். அடுத்த பேட்ச் வேறு மாதிரி எண்ணினால் இரண்டு வருடத்தையும் ஒப்பிடவே முடியாது.

ஒப்படைக்கும்போது மினிட்ஸ், உறுப்பினர் பதிவேடு, காசோலைப் புத்தகம், வார்டு வரைபடம், வெற்றுப் படிவம் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். கணக்கெடுப்புத் தரவில் வீட்டு எண்ணுக்குப் பதில் குறியீட்டு எண் போட்டுச் சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில் வையுங்கள். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாக, படித்து முடித்துப் போகப்போகிறவரின் செல்போன் எண் இருக்கக் கூடாது. உள்ளூர் சீனியரின் எண்ணைக் கொடுங்கள்.