முகம் மறைத்துத் தம்மைக் காட்டும் கடவுள்

கடவுளை மனிதர் அறிய முடிவது அவர் தாமே முன்வந்து தம்மை அறியத் தருவதால்தான் என்பது கிறிஸ்தவ இறையியலின் அடிப்படை நம்பிக்கை. இதை இறையியலார் இயற்கையின் வழியாகவும் பகுத்தறிவின் வழியாகவும் எல்லாருக்கும் கிடைக்கும் பொது வெளிப்பாடு, திருநூலிலும் கிறிஸ்துவிலும் கிடைக்கும் சிறப்பு வெளிப்பாடு என்று இரண்டாகப் பகுத்துப் பேசுவது வழக்கம். வானங்கள் இறைவனின் மாட்சியை எடுத்துரைக்கின்றன என்று 19ஆம் திருப்பாடல் தொடங்குகிறது. பகுத்தறிவின் இயல்பான ஒளியைக் கொண்டே கடவுள் இருப்பதை உறுதியாக அறியலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் முதலாம் வத்திக்கான் சங்கம் 1870இல் போதித்தது. ஆனால் அந்த வழியை மட்டும் நம்பியிருந்தால் வெகு சிலரே, அதுவும் நெடுங்காலம் கழித்துப் பல பிழைகளோடு கடவுளை அறிந்திருப்பர் என்று இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

இயற்கையின் வழியே கடவுளை ஓரளவு அறியலாம் என்று சுவிஸ் இறையியலார் எமில் புருன்னர் எழுதியதற்கு, மற்றொரு சுவிஸ் இறையியலாரான கார்ல் பார்த் 1934இல் அளித்த மறுப்பின் தலைப்பே ‘இல்லை!’ என்பதுதான். அந்தக் கடுமையைப் புரிந்துகொள்ள, ஜெர்மனியில் நாசி ஆட்சி நிலவிய அந்த ஆண்டையும் கருத்தில் கொள்ள வேண்டும். இனத்திலும் தேசத்திலும் கடவுளின் குரலைக் கேட்பதாக ஜெர்மானியத் திருச்சபையில் ஒரு பிரிவினர் முழங்கிக்கொண்டிருந்தபோது, திருநூல் சான்று பகரும் இயேசு கிறிஸ்துவே நாம் செவிகொடுக்க வேண்டிய கடவுளின் ஒரே வார்த்தை என்று, அவர்களை எதிர்த்த திருச்சபையினரின் பார்மன் அறிக்கை அதே ஆண்டு மே மாதம் அறிவித்தது. அதை வரைந்தவர்களில் முதன்மையானவர் பார்த். இயற்கையைப் பற்றிய அவருடைய முடிவு மிகைப்பட்டது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அவர் கண்ட ஆபத்து உண்மையானது. நாம் விரும்பும் முகத்தைக் கடவுளுக்குச் சூட்டிவிட்டு, அதையே வெளிப்பாடு என்று வணங்குவது மிக எளிது.

விடுதலைப் பயண நூலின் 33ஆம் அதிகாரம் இதனாலேயே என்னை விடாமல் ஈர்க்கிறது. நண்பரோடு பேசுவதுபோல ஆண்டவர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசினார் என்று அங்கே ஓர் இடத்தில் படிக்கிறோம். சில வசனங்கள் கழித்து, உமது மாட்சியை எனக்குக் காட்டும் என்று மோசே மன்றாடும்போது, என் முகத்தைக் கண்டு எவரும் உயிர்வாழ முடியாது என்ற பதில் வருகிறது. ஆயினும் ஆண்டவர் அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. பாறைப் பிளவில் அவரை நிறுத்தி, தாம் கடந்து செல்லும்வரை தம் கையால் மூடி, பின்பு கையை அகற்றித் தம் பின்புறத்தை மட்டும் காணச் செய்கிறார். மறைக்கும் கையும் காக்கும் கையும் இங்கே ஒன்றே. மோசே காண விரும்பியதற்கும் அவர் காணப் பெற்றதற்கும் இடையிலுள்ள தூரத்தைத் தீர்மானிப்பவர் கடவுள்.

1518 ஏப்ரலில் ஹைடல்பெர்க்கில் நடந்த விவாதத்துக்காக மார்ட்டின் லூத்தர் எழுதிய கருத்துரைகளில் இந்தக் காட்சியின் எதிரொலி இருக்கிறது. துன்பங்களிலும் சிலுவையிலும் புலப்படும் கடவுளின் ‘பின்புறத்தை’ உணர்ந்துகொள்பவரே இறையியலார் எனும் பெயருக்குத் தகுதியானவர் என்கிறார் அவர். அதற்கு விளக்கமாக யோவான் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார். தந்தையை எங்களுக்குக் காட்டும், அதுவே போதும் என்று அங்கே சீடர் பிலிப்பு இயேசுவிடம் கேட்கிறார். மோசேயின் பழைய வேண்டுதல்தான் அது. என்னைக் கண்டவர் தந்தையைக் கண்டார் என்பது இயேசுவின் மறுமொழி. இதை அவர் சொல்வது கைதாகப்போகும் இரவில், சீடரின் பாதங்களைக் கழுவிய பிறகு என்பதை மறந்து இந்த வசனத்தைப் படிக்கக் கூடாது. இவ்வளவு காலம் உடனிருந்தும் பிலிப்பு வேறொரு காட்சிக்குக் காத்திருந்தார்.

மாற்கு நற்செய்தி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இயேசு கடவுளின் மகன் என்று அதன் முதல் வரியும், விண்ணிலிருந்து வரும் குரலும், தீய ஆவிகளும் சொல்கின்றன. ஆனால் அந்த நற்செய்தியில் ஒரு மனிதர் அதை வாய்விட்டு அறிக்கையிடுவது 15ஆம் அதிகாரத்தில்தான். அவர் சீடரும் அல்லர், மறைநூல் அறிஞரும் அல்லர். சிலுவைக்கு எதிரே நின்று, இயேசு உயிர்விட்ட விதத்தைக் கண்ட உரோமை நூற்றுவர் தலைவர்.