காது மடலை மறந்துவிட்டேன்

நேற்று நீச்சல் குளத்திலிருந்து வந்த மகளுக்குத் தலை துவட்டும்போதுதான் பார்த்தேன். முகம், முதுகு எல்லாம் நன்றாக இருக்க, இரண்டு காது மடல்களும் மட்டும் செக்கச்செவேலென்று. துண்டு பட்டாலே "ஆ!" என்கிறாள். பாதத்தின் மேல்பக்கமும் அப்படித்தான். சன்ஸ்கிரீன் பூசிவிட்டது நான். விட்டதும் நான்தான்.

அப்புறம்தான் டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எஸ்பிஎஃப் 50 என்று பார்த்து நிம்மதியாக வாங்கியது. எஸ்பிஎஃப் என்பது வெயில் சுடுவதிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதற்கான எண். எஸ்பிஎஃப் 30 யுவிபி கதிர்களில் (தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர்கள்) சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அவ்வளவுதான் வித்தியாசம்! அதுவும் தாராளமாகப் பூசினால். நான் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்த ஆள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருந்தாலும் தண்ணீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் கணக்குதான்.

எஸ்பிஎஃப் எண் பெரும்பாலும் யுவிபிக்கானது. தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும் யுவிஏ கதிர்களுக்கும் சேர்த்து வேண்டுமென்றால் "பிராட் ஸ்பெக்ட்ரம்" என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். குழந்தைத் தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவையே என் தேர்வு. எரிச்சல் குறைவு. வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கும், சரி, "நான் பேய்" என்று அவளே ஓடி விளையாடுகிறாள். ஸ்பிரே வேண்டவே வேண்டாம், மூச்சில் போகும்.

சின்னவனுக்கு இன்னும் 6 மாதம் ஆகவில்லை. அவனுக்கு இப்போதைக்கு நிழலும் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான்.