அரை மாத்திரையின் கணக்கு

ஜூன் 4
மாத்திரை அட்டை தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் இரண்டு இரவுகள் பதற்றத்துக்கான அல்பிரசோலம் இல்லாமலே படுத்துவிட்டேன். இன்று காலை தம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. கரண்டி கீழே விழுந்த ஓசைக்கே நெஞ்சு படபடத்தது. பழைய பதற்றம் திரும்பிவிட்டதென்றே நினைத்தேன். ஆனால் 14 மாதங்களுக்கு முன், இந்த மாத்திரையைத் தொடங்குவதற்கு முந்தைய மிக மோசமான நாட்களில்கூட வெளிச்சம் இப்படிக் கண்ணைக் கூசச் செய்ததில்லை. தோலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்ததில்லை.

ஜூன் 6
வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். மூளையின் பரபரப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை பென்சோடயசெபைன் எனப்படும் இவ்வகை மருந்துகள் கூட்டுகின்றன என்றும், மாதக்கணக்கில் அது தொடரும்போது காபாவை உணரும் திறனே மழுங்கி, மாத்திரையை நம்பியே மூளை இயங்கப் பழகிவிடுகிறது என்றும், அந்நிலையில் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வந்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். சொன்ன அளவுக்கு மேல் ஒருநாளும் விழுங்கியதில்லை என்றேன், ஏறக்குறைய மன்றாடும் குரலில். “சொன்ன அளவிலேயே எடுத்தவர்களுக்கும் இது வரும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை” என்றார்.

முதல் சீட்டை எழுதித் தந்தவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவை வேண்டாம் என்று பிரிட்டனில் 1988-லேயே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அடிமையாதல், உடல் சார்பு ஆகியவை பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் அனைத்திலும் அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் உத்தரவிட்டது.

ஜூன் 10
அல்பிரசோலத்தின் பாதி சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. அதே வகையைச் சேர்ந்த டயசெபாமோ நாட்கணக்கில் தங்குவதால் அளவைக் குறைத்து இறங்குவது எளிது. எனவே 0.5 மில்லிகிராம் அல்பிரசோலத்திலிருந்து 10 மில்லிகிராம் டயசெபாமுக்குப் படிப்படியாக மாறுகிறேன். மதுவும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளும் இதனுடன் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்று மருத்துவர் இருமுறை சொல்லி அனுப்பினார்.

மனத்திடம் இருந்தால் இன்றே தூக்கி எறியலாமே என்றார் நண்பர் ஒருவர். அன்பால் சொன்னதுதான், ஆனால் அந்த அறிவுரை ஆபத்தானது.

ஜூலை 15
உறக்கமே இல்லை. முதல் குறைப்பைத் தள்ளிவைத்தோம்.

ஜூலை 28
இன்று 10-லிருந்து 9. இரண்டு மில்லிகிராம் மாத்திரைகளில் நான்கை முழுதாக எடுத்துவைத்து, ஐந்தாவதை வெள்ளைத்தாளின் மேல் வைத்துப் பிளேடால் பிளந்தேன். சிந்திய பொடியை விரல்நுனியில் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்பதே உறைத்தது. இத்தனை மாதங்களும் என்னை நோயாளி என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அந்தத் துகளைக்கூட விட மனம் வராத கையை இன்றுதான் பார்த்தேன். மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் வியப்படையவில்லை, குறித்துக்கொண்டு, அடுத்த குறைப்பை மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்.