தாளம் போடவும் சொல்லிக்கொடுத்த இடம்

கலாக்ஷேத்ரால படிச்ச நம்ம சங்கத்துல மலருக்கு எழுதுங்கன்னு கேட்டப்போ, மத்தவங்க எல்லாம் அங்க இருக்கிற கூத்தம்பலம் அரங்கம் பத்தியும் டிசம்பர் சீசன் பத்தியும் எழுதிடுவாங்க, நாம நட்டுவாங்க க்ளாஸ், அதாவது தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தக் கத்துக்கிற க்ளாஸ் பத்தி எழுதுவோம்னு உடனே தோணிடுச்சு. சென்னையில இருக்கிற அந்த நாட்டியப் பள்ளி உனக்கு என்ன கொடுத்துச்சுன்னு யாராவது கேட்டா, முட்டியை மடக்கி நிக்கிற அரைமண்டிக்கு முன்னாடி என் வாயில வர்ற பதில் அதுதான்.

ஆடத்தான் திருவான்மியூருக்குப் போனோம். ஆனா அந்த 4 வருஷ டிப்ளமோல ஆட்டத்தோட விட மாட்டாங்களே, பாட்டு கத்துக்கணும், தியரி படிக்கணும், அப்புறம் தாளத்தை, அந்தச் சின்ன ஜால்ராவை, கையில கொடுத்து உக்கார வெச்சு, இப்ப நீ ஜதி (தா தை மாதிரி தாளச் சொற்கள்) சொல்லு அவ ஆடட்டும்னு சொல்லுவாங்க. காலுக்குப் பழகின ஜதி வாய்க்குப் பழக எவ்வளவு நாளாகும்னு அப்பத்தான் புரிஞ்சுது. மூணாங்காலத்துல, அதாவது மூணாவது வேகத்துல, நாக்கு, கை, கண்ணு மூணும் தனித்தனியா ஓடும், அதுல கண்ணு ஆடுறவளோட பாதத்துலயே இருக்கணும், அவ லேசா தயங்கினாக்கூட நாம தாங்கிப் பிடிக்கணும். ஆடுற காலத்துல என்னைப் பத்தி மட்டும்தான் யோசிச்சேன், இன்னொருத்தி ஆட்டத்தை அவ்வளவு கவனமா பார்த்தது அந்த க்ளாஸ்லதான்.

நான் சேர்ந்தப்போ அத்தை இல்ல. கலாக்ஷேத்ராவைத் தொடங்கின ருக்மிணி தேவியை அங்க எல்லாருமே அத்தைன்னுதான் சொல்லுவாங்க, 1986ல அவங்க போன பிறகு வந்த நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம். 1936ல அடையாறு தியசாஃபிகல் சொசைட்டி வளாகத்துல ஆரம்பிச்சு, அப்புறம் திருவான்மியூர் மணல்ல மரமா நட்டு வளர்த்த இடம் அது. யாரோட சொத்தும் இல்லாம டிரஸ்ட்டா நடந்து, 1993ல பார்லிமென்ட் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் உள்ள நிறுவனமா ஆச்சு. அத்தை பேரைச் சொல்றப்போ மயிலாப்பூர் கௌரி அம்மாள் பேரையும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பேரையும் சேர்த்துச் சொல்லணும்னு எனக்கு ரொம்ப அழுத்தமா தோணும். அத்தைக்கே சொல்லிக்கொடுத்தவங்க அவங்க, பரம்பரை பரம்பரையா ஆடியும் ஆட்டுவிச்சும் இந்தக் கலையைக் காப்பாத்தின குடும்பங்கள், நம்ம ஊர் விழா மேடைகள்ல இந்தப் பேருங்களை யாரும் சொல்றதே இல்ல, அது எனக்கு வருத்தம்தான்.

நாட்டிய நாடகத்துக்கு வர்றேன். 1944ல குற்றாலக் குறவஞ்சியில தொடங்கி, அப்புறம் ராமாயணத்தை மட்டுமே 6 பாகமா 1955ல இருந்து 1970 வரைக்கும் போட்டிருக்காங்க. அதுக்கு இசையமைச்ச மைசூர் வாசுதேவாச்சாருக்கு முதல் பாகம் வந்தப்போ வயசு 90, 1961ல அவர் போன பிறகு மிச்சத்தை அவர் பேரன் ராஜாராம் முடிச்சார். இதை முதல்ல கேட்டப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு. அந்த வயசுல ஒருத்தரை நம்பி அவ்வளவு பெரிய வேலையைக் கொடுக்கணும்னா அந்த இடத்துக்கு எவ்வளவு மனசு இருந்திருக்கணும்! நாடகத்துல கதகளி ஆசான் சந்து பணிக்கரோட வழி வந்த நடையும் இருக்கும், பரதமும் இருக்கும், நாம ரெண்டாவது வரிசையில தோழியா நிப்போம். யாரும் அதைக் குறைச்சலா நினைக்கல, ஒரு நாடகத்துல நாயகியா வந்த அக்கா அடுத்ததுல கூட்டத்துல ஒருத்தியா நிப்பாங்க, இல்லன்னா சைடுல உக்காந்து பாடுவாங்க. கட்டுற புடவைகூட உள்ளேயே நெய்யுற தறியில இருந்து வரும், அகலமான பார்டர் வெச்ச கலாக்ஷேத்ரா புடவைன்னு உலகம் முழுக்கத் தெரியுதே, அதேதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 1953ல சந்து பணிக்கர் கேரளாவுல இருந்து கூட்டிட்டு வந்த பசங்கதான் பின்னாடி பேர் பெற்ற நடனக் கலைஞர்களான தனஞ்சயனும் பாலகோபாலும். தனஞ்சயன் சார் வீட்டுல பண வசதி கிடையாது, ஸ்காலர்ஷிப்லதான் படிச்சார். மலேசியாவுல இருந்து சின்னப் பொண்ணா வந்து சேர்ந்த சாந்தா அக்காவும் அவரும் பின்னாடி 1968ல பரத கலாஞ்சலிங்கிற நாட்டியப் பள்ளியைத் தொடங்கி எத்தனை பேரை உருவாக்கிட்டாங்க. ஒரு பையனுக்குக் கொடுத்த ஸ்காலர்ஷிப் இவ்வளவு தூரம் போகுது, அதனாலதான் ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு நான் எப்பவும் பிடிவாதமா நிப்பேன்.

இங்க நாங்க சில பேர் சேர்ந்து லாபம் பார்க்காம நடத்துற வகுப்புல நான் மெயினா பார்க்குறது இதைத்தான். வர்ற பெற்றோர் நிறைய பேர் முதல் நாளே அரங்கேற்றம் எப்போன்னு கேக்குறாங்க, அவங்க ஆசை தப்பு இல்ல, ஆனா அரங்கேற்றத்துக்கு அப்புறம் பாதிப் பிள்ளைங்க சலங்கையைக் கழட்டி வெச்சிடுதுங்க, மேடைக்கு வெளிய அவங்களுக்கு ஒரு வேலையும் நாம சொல்லிக்கொடுக்கல. அதனால பெரிய பிள்ளைங்க கையில தாளத்தைக் கொடுக்க ஆரம்பிச்சோம். முட்டி வலியால ஆட முடியாமப் போன ஒரு பொண்ணு இப்ப எங்க சின்னப் பிள்ளைங்களுக்கு நட்டுவாங்கம் பண்றா, அவ ஜதி சொன்னா பிள்ளைங்க முதுகு தானா நிமிரும். முதியோர் இல்லத்துல நிகழ்ச்சி போட்டா மிருதங்கமும் பாட்டும் நேர்ல இருக்கணும்னு பார்த்துக்குவோம், ரெக்கார்டு போட்டா செலவு மிச்சம்தான், ஆனா ரெக்கார்டு யாருக்காகவும் நிக்காதே, ஒரு பாட்டி கை தட்டி இன்னொரு தடவைன்னு கேட்டா பாடுறவங்க அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியும்ல. செலவுக்கு நன்கொடைதான் வழி, மாசாமாசம் கஷ்டம்தான், அதையும் பார்த்துக்கிட்டே வாசிக்கிறவங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துடறோம், அவங்ககிட்ட சேவைன்னு சொல்லி சும்மா வாசிக்கச் சொல்றது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

சங்கத்துல நம்மள்ல எத்தனையோ பேர் ஆடுறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு, வேலை, குழந்தைங்க, உடம்புன்னு ஆயிரம் காரணம். ஆட வேணாம், வாரத்துல ஒரு சாயங்காலம் வந்து தாளம் போடுங்க. அங்க எழுதின ஜதி நோட்டு பெட்டியில கிடந்தா எடுத்துட்டு வாங்க, என்கிட்ட இருக்கிறதுல சில பக்கம் மை கலைஞ்சு போச்சு, உங்களோடதைப் பார்த்து சேர்த்து எழுதிக்கலாம். அடுத்த வருஷ நிகழ்ச்சியில சைடுல உக்கார நாலஞ்சு பேர் வேணும், பேர் கொடுக்கிறவங்க செயலாளர்கிட்ட சொல்லிடுங்க.