ரவைக்கு வந்த ஒழுங்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் ஒரு பெட்டியோடு வாசலில் நின்றபோதே தெரியும், வீட்டில் எதுவோ காலி என்று. இந்தத் தடவை கேட்டது ரவையும் விளக்கெண்ணெயும். கல்லூரிக் கண்காட்சிக்கு ஒத்திகையாம்.

"வயிறு சரியில்லையா தம்பி?" என்றாள் அம்மா, புட்டியை விடாமல்.

கண்ணாடித் தட்டில் எண்ணெயை ஊற்றி, இரண்டு பக்கமும் தகடு வைத்து, ரவையைத் தூவினான். தகடுகளைப் பெட்டியோடு இணைத்துக் குமிழைத் திருகினால் 5,000 வோல்ட். மின்னோட்டம் துளியூண்டுதான் என்றான். ஆனால் அம்மா விரலை நீட்டியதும் அவன் போட்ட கத்தலில் எதிர்வீட்டு மாமா பால்கனிக்கே வந்துவிட்டார்.

அப்புறம் பாருங்கள், ரவை மெதுவாகத் திரும்பியது. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகடு வரை சங்கிலி சங்கிலியாக. நடுவில் நேராக, ஓரத்தில் வெளிப்பக்கம் வளைந்து. எங்கள் ரேஷன் கடையில் இப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை. "முன்னாடியே பை போட்டுட்டுப் போனேன்" என்று ஒரு குருணைகூடச் சண்டைக்கு வரவில்லை.

தகடுகளுக்கு நடுவே மின்விசை பரவியிருக்கும் இடம்தான் மின்புலமாம். அதில் ஒவ்வொரு குருணைக்கும் ஒரு முனை நேர், மறுமுனை எதிர் ஆகிவிடுமாம். இதன் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையை இழுக்க, வரிசை தானாக வந்துவிடுகிறது. விளக்கெண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. கெட்டியாக இருப்பதால் ரவையும் சட்டென்று மூழ்காது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் ஹூப்லர் என்பவர் இதே எண்ணெயில் உலோகக் குண்டுகளைப் போட்டு 20,000 வோல்ட் கொடுத்தாராம். குண்டுகள் தாமாக நகர்ந்து மரமாகக் கிளைவிட்டனவாம், ஒரு கிளையும் இன்னொன்றோடு சேர்ந்து வளையமாகாமல்.

அம்மாவுக்கு அந்த மரமெல்லாம் வேண்டாம். "இன்னொரு தடவை போடுங்க தம்பி" என்று முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். சீரியல் நேரத்தில்கூட ஒரு இடத்தில் உட்காராதவள்! அவன் தட்டைக் கலக்குவான், "மாமா, இன்னும் கொஞ்சம் ரவை" என்பான். நான் டப்பாவோடு ஓடுவேன். அறிவியல் ஆர்வம் என்று நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. டப்பாவில் குறைவது அத்தனையும் எங்கள் வீட்டு உப்புமா. கடைசியில் அடியைத் தட்டியே கொட்டிவிட்டேன்.

"ரவை சுத்தமாக் காலிம்மா. முக்குக் கடைல பொங்கல் வாங்கிட்டு வரட்டுமா?"

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எதுக்குடா? மேல் தட்டுல சேமியா ரெண்டு பாக்கெட் இருக்கு."