பேஸ்மென்ட்டில் கிடைத்த இழைப்புளிகள்: விற்றதும் அனுப்பியதும்

போன அக்டோபரில், கனெக்டிகட்டில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரத்தில், ஒரு பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெரியவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூர். கூட்டமெல்லாம் மேலே மேசை நாற்காலிகளைச் சுற்றி நிற்க, நான் நேராக பேஸ்மென்ட்டுக்கு இறங்கினேன். வேலை மேசைக்குக் கீழே இரண்டு மரப்பெட்டிகள். இழைப்புளிகள், உளிகள், ரம்பங்கள், மூலமட்டங்கள் என எண்ணிப் பார்த்தால் 31. மொத்தமாக 240 டாலருக்குப் பேசி எடுத்து வந்தேன்.

இந்தப் பக்கம் இப்படிக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில்தான் நியூ பிரிட்டன். தச்சுக் கருவிகள் செய்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி 1857-இல் தொடங்கிய ஊர். இரும்பு இழைப்புளியை வடிவமைத்த லெனார்ட் பெய்லியின் காப்புரிமைகளை அவர்கள் 1869-இல் வாங்கினார்கள். இன்று எந்த ஊர்க் கடையில் இரும்பு இழைப்புளி வாங்கினாலும் பெரும்பாலும் அந்த வடிவம்தான். தாத்தா வேலை பார்த்த ஆலையின் கருவி பேரன் வீட்டு பேஸ்மென்ட்டில் கிடப்பது இங்கே சாதாரணம்.

நான் பயன்படுத்த ஏழெட்டு போதும். மீதியை விற்கலாம் என்று இறங்கினேன். முதல் விற்பனையே அடி.

ஸ்டான்லியின் வரிசை எண்படி ஏழாம் நம்பர் இழைப்புளி ஒன்றை நானே நேரடியாக ஒருவருக்கு விற்றேன். 22 அங்குல நீளம், ஏறக்குறைய 3.7 கிலோ எடை. செய்தித்தாளைக் கசக்கிச் சுற்றிலும் அடைத்து, நல்ல அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினேன். ஐந்தாம் நாள் வாங்கியவர் படம் அனுப்பினார். அடிப்பக்கத்தில் பிளேடு நீட்டும் வாயின் ஓரத்தில் தொடங்கி, பக்கச்சுவரில் மேல்நோக்கி ஒரு மயிரிழை விரிசல். வார்ப்பிரும்பு அப்படித்தான். வளையாது, நசுங்காது, விழுந்தால் பிளக்கும். அதிலும் வாய் இருக்கும் இடத்தில்தான் இரும்பு குறைவு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பார்சல் இன்ஷூரன்ஸ் கேட்டதற்குப் பேக்கிங் போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள். படத்தைத் திரும்பப் பார்த்தபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வழியில் தாள் நசுங்கி, இரும்பு ஒரு மூலைக்கு நகர்ந்திருந்தது. நூறு வருடம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறி வந்த பொருள் என் ஒரு பெட்டிக்குள் உடைந்தது. அந்த வாரம் முழுக்க அது மனதை அறுத்தது.

அதன் பிறகுதான் பழைய கருவி வாங்கி விற்கும் ஒரு வியாபாரியிடம் போனேன். முப்பது வருடமாக இதே தொழில். இரண்டு நாலாம் நம்பர் இழைப்புளிகளை அவர் மேசையில் வைத்தேன். ஒன்றை நான் கம்பிச் சக்கரம் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தேன். மற்றதைத் தொடவில்லை, தூசி மட்டும் தட்டியிருந்தேன்.

அவர் தேய்க்காததைத்தான் முதலில் எடுத்தார். குப்புறத் திருப்பி, வாயின் நாலு மூலையிலும் நகத்தால் வருடினார். விரிசல் இருந்தால் கண்ணுக்கு முன் நகத்துக்குத் தெரியுமாம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பக்கச்சுவர்களைப் பார்த்தார், பழைய பற்றவைப்பு இருக்கிறதா என்று. பிளேடை இறுக்கிப் பிடிக்கும் நெம்புமூடியைக் கழற்றி, பிளேடில் துளைக்குக் கீழே எவ்வளவு எஃகு மிச்சம் என்று கட்டைவிரலால் அளந்தார். பிளேடைத் தாங்கும் இரும்புக்குப் பின்னால் வார்த்திருந்த மூன்று காப்புரிமைத் தேதிகளைக் காட்டினார்: இரண்டு 1902, ஒன்று 1910. முன்குமிழ் குட்டை. ஆக, முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தது. “கைப்பிடியின் மேல்கொம்பு உடையாமல் இருக்கிறதே, அதுவே அபூர்வம்” என்றார்.

தேய்த்ததை எடுத்தவர் ஒரு நிமிடம் பேசவில்லை. கம்பிச் சக்கரம் துருவோடு சேர்த்து, விளிம்புகளின் கூர்மையையும் கறுப்புப் பூச்சின் பாதியையும் தின்றிருந்தது. சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பூச்சையும், கைபட்டுக் கைபட்டு இரும்பில் படிந்த கருமையையும்தான். அதை யாரும் திரும்பப் போட முடியாது. தொடாததற்கு 60 டாலர், தேய்த்ததற்கு 25. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்து 35 டாலரைத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

அந்த அறுபதை அவர் கடையில் நூற்றுப் பத்துக்கு விற்பார். முதலில் எனக்கும் உறுத்தியது. ஆனால் அவர் பணத்தை முடக்கி வைக்கிறார், திரும்பி வந்தால் அவர் தலையில்தான் விழும், வாங்குபவருக்கு அவர் சொல்தான் உத்தரவாதம். சாதாரண நாலு, ஐந்தாம் நம்பர்களை மொத்தமாக வியாபாரியிடம் தள்ளிவிடுவதே எனக்குச் சரியாகப் பட்டது.

நாற்பத்தைந்தாம் நம்பர் வேறு கதை. பள்ளம், விளிம்பு, மணிவேலைப்பாடு எல்லாம் ஒரே உடலில் செய்யும் கருவி அது, நிக்கல் முலாம் போட்டது. கத்திகள் மரப்பெட்டியில் வரிசையாக இருந்தன. ஆனால் ஓரத்தடுப்பைப் பிடிக்கும் குட்டைக் கம்பி ஜோடி இல்லை. முழுமையாக இல்லாத நாற்பத்தைந்துக்குப் பாதி விலைகூடப் பெயராது. அவர் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அனாதைக் கம்பிகளும் திருகுகளும் டப்பா டப்பாவாக இருந்தன. ஸ்டான்லியின் திருகுகள் பலவற்றின் மரையே தனி ரகம், ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. ஒரு ஜோடியைத் தேடி எடுத்துப் போட்டு முழுமையாக்கினார். விற்றபின் கணக்கு, முப்பது சதவீதம் அவருக்கு என்று பேசினோம். ஏழு வாரத்தில் விற்றது. பணத்தைவிட, தன் கம்பிகளோடு அது மறுபடி முழுசாகச் சேர்ந்ததில் எனக்கு நிறைவு.

ரம்பங்களை அவர் எடுப்பதில்லை. ஒஹையோவில் ரம்பம் மட்டும் பார்க்கும் ஒருவரைச் சொன்னார். அனுப்பித்தான் ஆக வேண்டும். உடைந்த ஏழாம் நம்பர் கண்முன் நின்றது. இந்த முறை பேக்கிங்கை அவரிடமே நின்று கற்றுக்கொண்டேன்.

இழைப்புளி என்றால் முதலில் பிளேடையும் நெம்புமூடியையும் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். பிளேடின் கூர்முனையில் மடித்த அட்டை, அதன்மேல் டேப். நெம்புமூடித் திருகை மறுபடி உடலிலேயே திருகி வைத்துவிட வேண்டும், தொலைந்தால் தேடி மாளாது. இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பிறகு துருத்தடுப்புத் தாள், அதற்குமேல்தான் குமிழி உறை. வெறும் இரும்பில் நேராகக் குமிழி உறை சுற்றினால் ஈரம் அடைபட்டு, வட்ட வட்டமாகத் துருப்பொட்டு விழும். கைப்பிடியின் கொம்பைச் சுற்றி நுரைப்பட்டை தனியாக. எல்லாவற்றையும் அளவான சின்னப் பெட்டியில் அசையாமல் இறுக்கி, அதைப் பெரிய பெட்டிக்குள் ஆறு பக்கமும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். மூடியதும் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி. அவர் முன்னால் நான் மூன்று முறை பிரித்தேன்.

ரம்பத்துக்குத் தோட்டத்து ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறிப் பல்வரிசையில் மாட்டினேன். இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளுக்கு நடுவே தகட்டை வைத்துக் கட்டினேன். கைப்பிடியைக் கழற்றினால் பெட்டி சிறிதாகும்தான். ஆனால் பழைய டிஸ்டன் ரம்பங்களின் பித்தளை மரைகள் நூறு வருட இறுக்கத்தில் இருக்கும், தலை பிய்ந்துவிடும். கழற்றவில்லை. ஆறு ரம்பங்களும் பல் உதிராமல் போய்ச் சேர்ந்தன.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் நாலாம் நம்பர் கேட்டார். அதை மட்டும் அனுப்பவில்லை. பழைய ஸ்டான்லி கைப்பிடி ரோஸ்வுட். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய பொருளானாலும் தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் நிற்கும். நம் ஈட்டி மரமும் அதே டால்பெர்ஜியா பேரினம், அது இரண்டாம் பட்டியலில். ஊரில் ஈட்டிக் கட்டில் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கட்டுப்பாடு ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய கணக்கு: 31-இல் எட்டு என்னிடம், 19 விற்றாயிற்று, ஒன்று உடைந்து திரும்பி வந்தது. மீதி மூன்று உளிகள். மரப்பிடியில் பெரியவரின் பெயரின் முதல் எழுத்துகள் சுட்டுப் பதித்திருக்கின்றன. அவற்றைப் பெட்டியில் வைத்து மூடினேன், அந்தப் பிள்ளைகளிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மறுபடி திறந்து வைத்திருக்கிறேன்.